பேத்தியின் வேலைக்காக லயமே பேசியது

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதலாக வளர்த்ததில் ஒன்று தம்பி விட்டுப்போன மகன், மற்றது என் கடைசி மகள் விட்டுப்போன மகள். தம்பி செத்துப்போனான். மகள் சாகவில்லை, வெளிநாட்டில் யார் வீட்டிலோ யார் பிள்ளைக்கோ சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் விமானம் ஏறும்போது இந்தப் பிள்ளைக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. தகப்பனைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள் பிள்ளை. சரி, விட்டுவிடுகிறேன். எழுதும்படி அவனும் ஒன்றும் செய்துவிடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருப்பவள் அந்தப் பிள்ளைதான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்று தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். என் பேரை எழுதுவேன், பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பேரை வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்து என்னிடம் தங்கவில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல அவள் போனில் விரலால் தட்டிப் புத்தகத் தமிழாக்கிக்கொண்டு வருகிறாள். சனங்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவள் முகம் கோணுகிறது. கோணட்டும். அவள் வேலை தேடிய கதை, அவள் கையாலேயே எழுதப்படட்டும்.

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி மேலே ஏறினால் தோட்டத்தில் எங்கள் டிவிஷன். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டின வீடுகளை லயம் என்போம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. இந்தப் பிள்ளையின் தலையில் நான் கொழுந்துக் கூடையை மாட்டவில்லை. அது என் வீம்பு. "ஒரு நாளைக்காச்சும் மலைக்கு அனுப்புனா என்ன, குடும்பத்துக்கு ஒத்தாசைதானே" என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே சொல்லிப் பார்த்தார். "ஒத்தாசைக்கு நான் இருக்கேங்கய்யா" என்றேன். பென்சன் வயது கடந்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தேன். அவள் கொட்டகலைக்குப் பஸ்ஸில் போய் உயர்தரம் படித்தாள். பிறகு ஹட்டனில் ஓட்டல் வேலைக்கான படிப்பொன்றும் இங்கிலீசும் படித்தாள். படிப்பு முடிந்து சான்றிதழோடு வந்த அன்று, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"இனி வேலைக்கு எங்கம்மா போகணும்?"

"எங்கயும் போகத் தேவல்ல அம்மாயி. எல்லாம் இதுக்குள்ளதான் வரும்" என்று போனைக் காட்டினாள்.

எங்கள் காம்பராவுக்குள் போன் சரியாக எடுக்காது. பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம், பகலில் கொழுந்து எடுப்பவர்களின் கைக்குழந்தைகள் தூங்கும் அந்த இடத்தில்தான் நல்ல சிக்னல். தினமும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முகநூலில் வேலை என்று ஆயிரம் கொட்டிக் கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பாதி தையல் பெக்டரி, மீதி அரபு நாட்டில் வீட்டு வேலை. அவளுடைய அம்மா போன அதே நாட்டுக்கு, அதே வேலைக்கு, சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் படம் போட்டு ஆள் கேட்டிருந்தார்கள். அதைப் பிள்ளை விரலால் சடாரென்று மேலே தள்ளிவிட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னும் சில பேர் இருந்தார்கள். கம்பெனி என்பார்கள், கம்பெனிக்குப் பேர் இருக்காது. சான்றிதழைக் கேட்க மாட்டார்கள், முழு உயரப் படம் கேட்பார்கள். அப்படி ஒருவன் "ஹாய் தங்கச்சி, நைட்டுக்குப் பேசலாமா" என்று எழுதியிருந்ததைப் பிள்ளை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு வாசித்துக் காட்டினாள். பேச்சை அப்படியே பிடித்து அனுப்பும் பொத்தான் ஒன்று இருக்கிறதல்லவா, அதை அமுக்கச் சொன்னேன்.

"தம்பி, நான் அவ அம்மாயி பேசுறேன். நீங்க வேலை குடுக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா? பொண்ணுன்னா வெத்தல பாக்கோட ஒங்கம்மாவக் கூட்டிக்கிட்டு லயத்துக்கு வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

அதோடு அவன் காணாமல் போனான். நாங்கள் இருவரும் குழந்தைகள் எழுந்துவிடும் அளவுக்குச் சிரித்தோம். போனைப் பார்த்து நாங்கள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மாதங்கள் போயின. அவளோடு படித்தவர்களில் ஒருத்தி கலியாணம் கட்டிக்கொண்டாள், ஒருத்தி தையல் பெக்டரிக்குப் போனாள். தண்ணிப் பீலியில் குடம் பிடிக்க நிற்கும் பெண்கள் என்னை வைத்துப் பேசத் தொடங்கினார்கள். "படிச்ச புள்ள புள்ளக் காம்பராவுக்குக் காவல் இருக்கு" என்றாள் ஒருத்தி, என் காதில் விழும்படி. "ஆமா, ஒம் மவ பெத்துப் போட்டதுக்குச் சேத்துத்தான் காவல்" என்று நானும் அவள் காதில் விழும்படி சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது.

அப்போதுதான் நுவரெலியாவில் ஒரு பெரிய ஓட்டல் தன் முகநூல் பக்கத்தில் ஆள் கேட்டுப் போட்டது. வருகிறவர்களை வரவேற்று அறை கொடுக்கும் மேசைக்கு, மூன்று மொழியும் தெரிந்த பெண் பிள்ளை வேண்டும். இவள் எழுதினாள். அவர்கள் பதில் எழுதினார்கள். நேரில் வரச் சொன்னார்கள். சிநேகிதியின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். நானும் கூடப் போய் வாசலில் காவல்காரரின் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த திட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் சிங்களவர், நல்ல மனுசன். "மகளா?" என்று கேட்டார். "மகளுட மகள்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "வேலை கிடைக்கும் ஆச்சி" என்றார்.

வெளியே வந்தபோது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். "அம்மாயி, அந்த மேடம் என் இங்கிலீச நல்லாருக்குன்னு சொன்னாங்க. ஒரு கிழமைல போன்ல கோல் பண்றாங்களாம். ரெண்டு பேரத்தான் கடைசியா வச்சிருக்காங்களாம், அதுல ஒண்ணு நானாம்." பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்த மேசை எப்படி இருந்தது, பூச்சாடி எப்படி இருந்தது என்றே பேசிக்கொண்டு வந்தாள். தலவாக்கலை வந்ததுகூடத் தெரியவில்லை.

ஏழு நாளும் போய்க் கிழமை முடிந்தது. கோல் வரவில்லை. அடுத்த கிழமையும் பாதி போனது. பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் போகாது.

"ஒனக்காக அங்க யாரு பேசுனா?" என்று கேட்டேன்.

"யாரும் பேசத் தேவல்ல அம்மாயி. தகுதியப் பாத்துத்தான் எடுப்பாங்க."

"ரெண்டு பேருக்குமே தகுதி இருந்தா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். மற்றவளுக்குப் பேச யார் யார் இருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நான் கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது பேர் பதிய வேண்டியிருந்தது. பேர் பதிவது என்றால் தோட்டத்துக் கூலிப் பதிவில் உன் பேர் ஏறுவது. அது ஏறினால்தான் வேலை. அதற்குத் தனியாக யாரும் போவதில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு கலைந்ததும் மாமியார், கங்காணி, பக்கத்துக் காம்பராக்காரர்கள், வயதான ஆண்கள் என்று லயமே ஆபீசுக்கு முன்னால் போய் நிற்கும். பேர் பதியப் போகிறவள் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாருக்கும் பின்னால் நிற்க வேண்டும். "யார் இது?" என்று துரை கேட்பார். "நம்ம புள்ளைங்கய்யா, நல்ல கைங்கய்யா" என்று எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். அது பிச்சை கேட்பதல்ல. இவள் நாளைக்கு ஒழுங்காக வராவிட்டால் எங்களைக் கேள் என்று பொறுப்பேற்பது. தனியாக வந்து நிற்கிறவளைத்தான் துரைமார் சந்தேகமாகப் பார்ப்பார்கள். முந்தின தோட்டத்தில் என்ன செய்துவிட்டு வந்தாளோ, ஏன் இவளுக்கு யாரும் பேசவில்லை என்று. எனக்கு அப்படித்தான் பேர் பதிந்தது. என் மகன்களுக்கும் அப்படித்தான்.

பிள்ளை ஹட்டனில் சிநேகிதி வீட்டில் தங்கப் போயிருந்த ஒரு நாள், பக்கத்துக் காம்பராவின் மருமகளிடம் கேட்டேன். அவளும் போனும் கையுமாகத்தான் இருப்பாள்.

"ஏம்மா, அந்த ஓட்டல்காரங்ககிட்ட நாம பேசணும்னா எப்பிடிப் பேசுறது?"

"அவங்க வேலைக்குப் போட்டதுக்குக் கீழ எழுதலாம் பெரியம்மா. யாரு வேணும்னாலும் எழுதலாம்."

"தொரை வாசிப்பாரா?"

"தொரை என்ன, ஒலகமே வாசிக்கும்."

"அப்ப எழுதுங்கடி. அவளுக்குச் சொல்ல வேணாம். பேர் பதியப் போறவ பின்னாலதான் நிக்கணும்."

எழுதினார்கள். நான் கேட்டுக்கொண்டது ஒரு லயத்திடம். பதில் சொன்னது டிவிஷன் முழுக்க. கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் பையன்கள் எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பெண்கள் எழுதினார்கள். "எங்க தோட்டத்துத் தங்கம், வேலை குடுங்க சேர்." "ரொம்ப ஒழுக்கமான புள்ள, நாங்க பொறுப்பு." "தாத்தா மரம் விழுந்து செத்தவரு, தாய் பாசம் தெரியாத புள்ள." இப்படி எழுதி, அதற்குக் கீழே கும்பிடும் கை, ரோசாப்பூ. என்னைத் தண்ணிப் பீலியில் குத்திப் பேசினவள்கூடத் தன் மகனை விட்டு எழுத வைத்தாள். அதை நான் மறக்க மாட்டேன். எங்கள் தோட்டத்து யூனியன் கமிட்டித் தலைவர் சும்மா இருப்பாரா? தன் பதவியையும் போட்டு, "இப்பிள்ளையின் பின்னால் எங்கள் டிவிஷன் மக்கள் அனைவரும் திரண்டு நிற்கிறோம்" என்று எழுதினார். வாசித்துக் காட்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பேர் பதிந்த அன்றுகூட இத்தனை பேர் நிற்கவில்லை.

நானும் பேசினேன். வெளுத்த சேலை கட்டி, லயத்து முன்னால் நின்று பேசினேன். மருமகள் படம் பிடித்து அதையும் அங்கேயே போட்டாள். "ஐயா, வணக்கம். நான் அந்தப் புள்ளையோட அம்மாயி. நாப்பது வருசத்துக்கு மேல கொழுந்தெடுத்தவ. ஒரு நாள் என் கொழுந்துல முத்தல் இலை இருக்குன்னு எவனும் சொன்னதில்ல. அவ என் வளப்பு. அவ்வளவுதான் சொல்லுவேன்." கை கூப்பவில்லை. துரை முன்னாலேயே கூப்பாத கை.

அடுத்த நாள் பின்னேரம் பிள்ளை ஹட்டனிலிருந்து வந்தாள். லயத்துக்கு ஏறும் படியில் இரண்டு பேர் "தங்கச்சி, வேலை கிடைச்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்களாம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முன்னால் வந்து நின்றபோதுதான் போன் அடித்தது. ஓட்டல் மேடம். பிள்ளை நின்றபடியே சிங்களத்தில் பேசினாள். "இல்லை மேடம்... எனக்குத் தெரியாது மேடம்... யூனியன் இல்லை மேடம், எங்க ஊர்ச் சனங்க..." பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். போனை வைத்ததும் ஓட்டல் பக்கத்தைத் திறந்து, எழுதியிருந்ததையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"வேலைக்கு வர்றதுக்கு முன்னமே யூனியனோட வந்து நிக்கிற ஆளு எங்களுக்குச் சரிவராதாம். நாளைக்கு ஒரு லீவு குடுக்கலன்னா தோட்டத்தையே கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல ஒக்காருவேனாம். மத்தப் புள்ளய எடுத்துட்டாங்களாம்."

"நாங்க பொறுப்புன்னுதானேம்மா எழுதுனாங்க?"

"பொறுப்பா? அது ரூம் வெலை கேக்குறவங்க வர்ற எடம் அம்மாயி! வெள்ளக்காரங்க வாசிக்கிற எடம்! அங்க போயி தாத்தா செத்ததையும் அம்மா இல்லாததையும் எழுதி, கும்பிட்டு... நான் அந்த மேடத்துக்கிட்ட எங்க வீட்டு நெலமயப் பத்தி ஒரு வார்த்த பேசல தெரியுமா? என் சான்றிதழ மட்டும்தான் காட்டுனேன். அதுக்குத்தான் என்னையக் கடைசி ரெண்டு பேர்ல வச்சிருந்தாங்க. நீங்க எல்லாருமாச் சேந்து என்னைய அநாதையாக்கிட்டீங்க."

"இத்தன பேரு நின்ன புள்ளயா அநாதை?"

"ஆமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அணைத்திருப்பேன்.

ஓட்டல்காரர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். ஆனால் நான் பேசிய படத்தை எவனோ அதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறான். இடையில் மேளம் சேர்த்து, "பாட்டிக்கு வேலை கொடுங்கப்பா" என்று மேலே எழுதி வேறெங்கோ போட்டிருக்கிறான். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் கீழே வரிசையாக நின்றன. மருமகள் தயங்கித் தயங்கிக் காட்டினாள். முழுக்கப் பார்த்தேன். நான் பேசியதில் ஒரு பிழையும் இல்லை. அன்றும் இல்லை என்றுதான் சொன்னேன், இன்றும் அதுதான். எங்கள் ஆட்கள் ஒரு பிள்ளைக்காகச் சேர்ந்து நின்றால் அது மிரட்டல் என்று ஒரு படித்த பெண்ணுக்குத் தோன்றுகிறதே, அந்தப் பிழையை யார் கணக்கில் எழுதுவது?

அதற்குப் பிறகு பிள்ளை போனில் தன் பழைய பக்கத்தை மூடிவிட்டாள். புதிதாக ஒன்று திறந்தாள். அதில் பேர் பாதி. ஊர் நுவரெலியா. பள்ளிக்கூடம் எழுதும் இடம் வெறுமை. படம் ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்தது, பின்னால் ஒரு நீலத் திரை. லயத்து ஆட்கள் ஒருவரையும் சேர்க்கவில்லை. மருமகள் சேரக் கேட்டாள், பதில் வரவில்லை. இந்த இடத்தில் பிள்ளையின் விரல் நின்றுவிட்டது. எழுதம்மா, என்றேன். எழுதுகிறாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. கொழும்பில் போன் வழியாக உடுப்பு விற்கும் ஒரு இடம். வாங்கின சனங்கள் கூப்பிட்டால் பதில் சொல்லும் வேலை. ஏசி அறையாம், உட்காரும் கதிரை சுழலுமாம். யாரும் யாருக்காகவும் பேசவில்லை. பெட்டியோடு அவளை வட்டகொடையில் ரயிலேற்றிவிட்டு வந்த அன்று, தண்ணிப் பீலியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், "எம் பேத்தி கொழும்புல ஆபீஸ்ல இருக்கா" என்று. சந்தோசம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டாள். சாப்பிடும் நேரம், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. "யாரு, அம்மம்மாவா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "ஓம், அம்மம்மா" என்றாள் என் பேத்தி. எங்கள் பக்கம் யாரும் ஓம் என்று சொல்வதில்லை, ஆமா என்போம். அம்மம்மா என்று அவள் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. "நுவரெலியா டவுன்ல குளிர் கூடத்தானே? அப்பா அங்க மரக்கறி வியாபாரம் எல்லோ?" என்று அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. "ஓம்" என்றாள். நான் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். வைத்துவிட்டேன்.

இப்போது தீபாவளி லீவுக்கு வந்திருக்கிறாள். எனக்குச் சேலை, பக்கத்துக் காம்பராவுக்குப் பலகாரப் பெட்டி, தலைவருக்கு ஒரு சட்டை. கை சுருக்கமில்லாத பிள்ளை. இன்று காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் லயத்துக்கு மேலே ரோட்டில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் எல்லாரையும் தங்கள் ஊர்த் தீபாவளியைப் படம் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்த் தேயிலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மாயி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.

"இன்னுங் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அப்போதுதான் விளங்கியது. படத்தில் நிற்க அல்ல, படத்தை விட்டுப் போகத்தான் சொல்கிறாள். லயத்துக் கூரையும் தெரியாதபடி போனைச் சாய்த்து, பச்சை மலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அழகான படம். நானும் பார்த்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னேன். "ஒங்க ஆபீசுக்கு எங்க ஊரப் பத்தித்தானே வேணும்? நான் சொல்றேன், எழுது."

"அம்மாயி, இதெல்லாம் அங்க போட ஏலாது. டவுன்னு சொல்லித்தான் இருக்கேன். இப்பப் போயி இதப் போட்டா நான் பொய் சொன்னேன்னு ஆயிரும். வேலையே போயிரும்."

அவள் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை நாங்கள் பேசி அவள் வேலை போனது. இன்னொரு தடவை என் பேச்சால் போக வேண்டாம். போடாதே, வேலை இருக்கட்டும் என்றேன். ஆனால் எழுது. உன் போனுக்குள் நீலத் திரையும் பச்சை மலையும் இருக்கிற இடத்தில் இதுவும் ஒரு மூலையில் கிடக்கட்டும். நான் செத்த பிறகு அழிப்பதென்றால் அழித்துக்கொள். அது வரைக்கும் அழிக்காதே.

அவள் தலை நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுகிறாள். துடைப்பதை எழுத வேண்டாம் என்கிறாள். அதையும் எழுது என்றேன். சொல்ல வேண்டியது முடிந்தது.

"எல்லாம் வந்துருச்சா? இப்ப மொதல்ல இருந்து வாசிம்மா, கேப்போம். ஒன்னையப் பத்திச் சொன்ன எடத்துல சத்தத்தக் கொறைக்காம வாசி."